அயலூரில் வீட்டுச் சாப்பாடு



கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இறங்கித் தொழிற்பேட்டையை நோக்கி நடப்பவர்கள் வழியில் ஒரு வாசகத்தை அடிக்கடி காண்பார்கள். ஓரிடத்தில் தகரப் பலகையில் வண்ண எழுத்தாக இருக்கும். மற்றோரிடத்தில் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கும். 'இங்கு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்' என்பதே அவ்வாசகம். சற்று நின்று எண்ணிப் பார்த்தால் இது விந்தையான அறிவிப்பு. எந்த வீட்டிலும் இப்படிப் பலகை மாட்டுவதில்லை. வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்ட ஒருவனுக்காகவே அது எழுதப்படுகிறது. அவனிடம் காசு வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பதாக ஒருவர் வாக்குறுதி தருகிறார். அந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை உண்டு என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்குப் பேசுவதற்கு வேறு பொருளா கிடைக்கவில்லை என்று நீங்கள் எண்ணக்கூடும். உங்களில் பலர் இன்னும் இரண்டொரு ஆண்டுகளில் கல்லூரி விடுதிக்கோ, வேலையை நாடி அயலூருக்கோ செல்லப் போகிறவர்கள். அங்கே முதல் நாள் பிற்பகலில் உங்களை எதிர்கொள்ளப் போகும் வினா, 'எங்கே சாப்பிடுவது?' என்பதுதான். பாடநூல்கள் இவ்வினாவைக் கவனிப்பதில்லை.

திருவள்ளூர் மாவட்டம், பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997-இல் தனியாகப் பிரிக்கப்பட்டது. சென்னையிலிருந்து மேற்கே அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் திருவள்ளூரும், வடக்கே கூடூர் செல்லும் பாதையில் கும்மிடிப்பூண்டியும் இருக்கின்றன. இரண்டும் தலைநகரிலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. திருவள்ளூருக்கு அருகே காக்களூரில் சிறு தொழிற்சாலைகள் நிறைந்த தொழிற்பேட்டை உண்டு. கும்மிடிப்பூண்டியிலோ சிப்காட் நிறுவனத்தின் பெரிய தொழில் வளாகம். இரும்பை உருக்குவதும், கம்பியாக நீட்டுவதும், வாகனங்களுக்கு உறுப்புச் செய்வதும் அங்கே இரவும் பகலும் நடைபெறுகின்றன. உலைக்கு முன் 8 மணி நேரம் நின்றவனுடைய பசி, நாற்காலியில் அமர்ந்து எழுதுபவனுடைய பசி போன்றதன்று. இந்த மாவட்டத்தின் மெஸ்களை அறிய விரும்புவோர் முதலில் அந்தப் பசியை அறிந்துகொள்ள வேண்டும்.

திருவள்ளூர் என்ற பெயரே விருந்தோடு தொடர்புடையது. அவ்வூர்த் தல புராணம் கூறும் கதை இது. சாலிஹோத்திரர் என்ற முனிவர் ஓராண்டு நோன்பிருந்து, தை அமாவாசையன்று உணவு சமைத்து, விருந்தினரை எதிர்பார்த்திருந்தார். முதியவர் ஒருவர் வந்தார். முனிவர் விருந்தினரின் பங்கை அவருக்குக் கொடுத்தார். பசி அடங்கவில்லை என்றார் முதியவர். முனிவர் தமக்கென வைத்திருந்ததையும் கொடுத்துவிட்டு மீண்டும் ஓராண்டு நோன்பைத் தொடங்கினார். மறு ஆண்டும் அவ்வாறே நடந்தது. உண்டு முடித்த முதியவர், களைப்பாக இருக்கிறது, படுப்பதற்கு எவ்வுள் என்று கேட்டாராம். உள் என்றால் அறை. அவ்வாறு கேட்டுக் கிடந்தவரே இறைவன். 'எவ்வுள்' என்ற கேள்வியே திருஎவ்வுளூர் ஆகித் திருவள்ளூர் ஆயிற்று. புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அயலூரிலிருந்து வருபவன் முதலில் சோறு கேட்பான், பிறகு படுக்க இடம் கேட்பான் என்பதை இன்றைக்கும் எந்த ஆலை வாயிலிலும் காணலாம்.

'மெஸ்' என்பது ஆங்கிலத்தின் வழி நமக்கு வந்த சொல். பழைய பிரெஞ்சு மொழியில் அது மேசைமேல் வைக்கப்படும் ஒரு வகை உணவைக் குறித்தது. பின்னர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் குழுவுக்கு அப்பெயர் ஆயிற்று. கப்பலிலும் படையிலும் வழங்கிற்று. நம்மவர் அதைப் பட்டாளத்திலிருந்து எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து, வீட்டின் முன்கூடத்தில் நான்கு மேசை போட்டுச் சோறு போடும் இடத்துக்குச் சூட்டிவிட்டார்கள். ஹோட்டல் வேறு, மெஸ் வேறு என்பது நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். ஹோட்டலில் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். மெஸ்ஸில் அக்கேள்வி எழுவதில்லை. இன்று என்ன சமைத்திருக்கிறார்களோ அதுதான் எல்லோருக்கும், வீட்டிலும் அப்படித்தானே?

நான் அடிக்கடி செல்லும் ஓரிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெயர் சொல்லத் தேவையில்லை, ஏனெனில் அது போன்றவை பல உண்டு. வாயிலில் கைகழுவும் தொட்டி. உள்ளே நீண்ட மேசைகள். அவற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் பெஞ்சுகள். வந்தவன் விரும்பிய இடத்தைத் தேடி அமர முடியாது. காலியான இடத்தில், முன்பின் அறியாத ஒருவனுக்குப் பக்கத்தில்தான் அமரவேண்டும். இலையின் நுனி இடக்கைப் பக்கம் இருக்குமாறு போடப்படுகிறது. தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்கிறோம். முதலில் இலையின் மேற்பாதியில் பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம். பிறகு கீழ்ப்பாதியில் சோறு.

இனி வரிசை. பருப்பும் நெய்யும், அல்லது பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும்; சாம்பார்; காரக்குழம்பு; ரசம்; மோர். இந்த வரிசையை வகுத்தவர் யார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அதில் ஓர் அறிவு இருக்கிறது. கடும்பசியில் வருபவனுக்கு முதலில் கெட்டியானதும் சத்துள்ளதும் கிடைக்கிறது. நடுவே காரமும் புளியும் வந்து நாக்கை எழுப்புகின்றன. ரசம் நீராக இறங்குகிறது. மோர் வயிற்றைக் குளிர்வித்து, எழுந்து வேலைக்குப் போ என்கிறது. என் மாணவன் ஒருவன் வேதியியல் படித்துவிட்டு வந்து, இதை 'அடர்த்தி குறைந்துகொண்டே போகும் கரைசல்' என்று விளக்கினான். அதைக் கேட்ட பிறகு ரசம் உண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிச் சுவை உண்டல்லவா? கும்மிடிப்பூண்டியைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் ஆந்திர எல்லை. ஆகவே இங்கே புளிச்சக்கீரைத் துவையலும், கந்திப்பொடி என்று தெலுங்கில் வழங்கும் பருப்புப் பொடியும் விருந்தாளிகளாக அல்லாமல் வீட்டுப் பிள்ளைகளாகவே இலைக்கு வருகின்றன. காரமும் ஒரு படி கூடுதல்தான். புதிதாக வருபவர்கள் தண்ணீர்க் குவளையை அருகில் வைத்துக்கொள்வது நலம். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அவ்வேரியிலிருந்து மடவை மீனும் இறாலும் நண்டும் வருகின்றன. மீன்குழம்பு வைக்கும் நாளில் பகல் ஒரு மணிக்கு மேல் சென்றால் குழம்பு கிடைக்கும், மீன் கிடைக்காது. சிறிய மடவையைப் புளி கரைத்து மண்சட்டியில் கொதிக்கவிட்டு, இறக்கிய பின் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவைக்கிறார்கள். புளியும் உப்பும் மீனுக்குள் இறங்குவதற்கு அந்த நேரம் வேண்டும் என்பது சமைப்பவர்களின் கணக்கு. அவசரப்பட்டு இறக்கிய உடனே பரிமாறும் இடங்களில் மீன் தனியாகவும் குழம்பு தனியாகவும் நிற்பதை நாக்கு கண்டுபிடித்துவிடும்.

சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருவள்ளூரை அடுத்த திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. அங்கே உருவான நெல் வகைகளுக்கு டி.கே.எம். என்ற எழுத்துக்கள் முன்னால் நிற்கும். திரூர்க்குப்பம் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம் அது. அவற்றில் டி.கே.எம். 6 என்ற வகை தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சியைத் தாங்கி நிற்கும் ஆற்றல் உடையது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு ஐ.ஆர். 20 என்ற நெல்லை உண்டாக்கிற்று. அந்த நெல் 1970-களில் தமிழ்நாட்டு வயல்களை நிறைத்ததை உங்கள் பாட்டனார்கள் அறிவார்கள். நம் மாவட்டத்து வயல் ஒன்று பல நாட்டுச் சோற்றுப் பானைக்குள் புகுந்திருக்கிறது என்பதை, இங்கே இலை முன் அமரும்போது நான் எண்ணிக்கொள்வதுண்டு. இதை மெஸ்ஸில் சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். வானொலியில் எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

சமையலில் கைப்பக்குவம் என்பது உண்மையே. ஆனால், அதனால் மட்டும் ஓரிடம் வீடாகிவிடுவதில்லை. பெரிய ஹோட்டல்களில் இதைவிட நல்ல சமையல் கிடைக்கலாம். வேறுபாடு பரிமாறுபவருடைய கண்ணில் இருக்கிறது. நல்ல மெஸ்ஸில் பரிமாறுபவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்க்கிறார். சாம்பார் எந்தப் பக்கம் வற்றுகிறது, பொரியலை ஒதுக்குகிறானா, சோற்றைக் குழி செய்துகொண்டு ரசத்துக்குக் காத்திருக்கிறானா என்பதெல்லாம் அவருக்கு இலையிலேயே எழுதியிருக்கிறது. கேட்பதற்கு முன் வந்து நிற்கிறார். 'போதும்' என்று கையால் மறைத்தாலும், சொல்பவனுடைய வயதைப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி வைக்கிறார். நம் வீட்டுப் பாட்டிமார்கள் செய்ததும் இதுதான்.

சென்ற கோடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் வந்து அமர்ந்தான். ஒடிசாவிலிருந்து வந்து உருக்காலையில் வேலை செய்பவன். சாம்பாரை வேண்டாம் என்றான். குழம்பையும் வேண்டாம் என்றான். சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாள், "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவனுக்குத் தமிழ் சரியாக வரவில்லை. தண்ணீர்க் குவளையைக் காட்டினான், சோற்றைக் காட்டினான், கையால் பிசைந்து காட்டினான். அம்மாள் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே போய், முதல் நாள் சோற்றில் நீர் ஊற்றி வைத்திருந்த சட்டியைக் கொண்டு வந்தார். அது விற்பனைக்கு வைத்ததன்று. அவர்கள் வீட்டார் காலையில் உண்ட பழையதின் மிச்சம். மோர் விட்டு, உப்புப் போட்டு, இரண்டு சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் வைத்துக் கிண்ணத்தில் கொடுத்தார்.

அவன் ஊரில் அதற்குப் 'பகாளா' என்று பெயர். ஒடிசா மக்கள் மார்ச் 20-ஆம் நாளைப் பகாளா நாளென்றே கொண்டாடுகிறார்கள். சோற்றில் நீர் ஊற்றி இரவு முழுதும் புளிக்கவிட்டு மறுநாள் உண்பது, வங்கக் கடலின் கரை நெடுகிலும் நெல் விளைவிக்கும் மக்கள் கண்ட பொதுவான வழி. கும்மிடிப்பூண்டியில் இருந்த சட்டிக்கும் அவன் தாய் வைத்திருந்த சட்டிக்கும் பெயரில் மட்டுமே வேறுபாடு. அவன் குனிந்த தலை நிமிராமல் உண்டான். எழும்போது அந்த அம்மாளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் காலையில் வேலைக்குப் போகுமுன் வந்து அதையே கேட்டு வாங்கிச் செல்கிறான் என்று பின்னர் அறிந்தேன்.

இப்படிப் பல ஊரார் ஒரே பெஞ்சில் அமர்வது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. பீகாரிலிருந்து வந்தவர் சப்பாத்தி கேட்கிறார், அதுவும் கிடைக்கிறது. இலங்கைத் தமிழர்களின் மறுவாழ்வு முகாம் ஒன்று கும்மிடிப்பூண்டியில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. அங்கிருந்து வரும் நண்பர்கள் சிலர் சொதி வைக்கும் முறையை மெஸ்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் 'நீ யார்?' என்று கேட்பதில்லை. ஆனால், இளைஞர்களே, இந்தப் பெஞ்சு எளிதாக வந்ததன்று. பந்தி என்பது நம் நாட்டில் நெடுங்காலம் சேர்த்து வைக்கும் இடமாக இருந்ததைவிடப் பிரித்து வைக்கும் இடமாகவே மிகுதியும் இருந்திருக்கிறது.

பழங்காலத்தில் வழிப்போக்கனுக்குச் சத்திரங்கள் இருந்தன, சோறு கிடைத்தது. ஆனால் யாருக்கு எங்கே, யாருக்கு முதலில், யார் வாசலுக்கு வெளியே என்ற கட்டுப்பாடுகளும் பல இடங்களில் இருந்தன. இந்தக் கட்டுப்பாட்டைக் கேளாமல் சோறு போட்டவர் இராமலிங்க வள்ளலார். வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் அவர் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசி என்று வந்தவனிடம் பசி ஒன்றைத் தவிர வேறு தகுதியை அவர் கேட்கவில்லை.

அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் பின்னர், தேச விடுதலைக்குப் பாடுபட்டவர்களிடையே கூட இப்பிரச்சினை தீரவில்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் மாணவர்கள் ஒன்றாகப் படித்தார்கள். ஆனால் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டது. 1924, 1925-ஆம் ஆண்டுகளில் இது தமிழ்நாட்டையே கலக்கிய வழக்காயிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தியடிகள் வரை செய்தி சென்றது. இரண்டு சிறுவர்கள் எங்கே அமர்ந்து உண்பது என்பதற்காகக் காங்கிரஸ் இயக்கத்துக்குள் பிளவு ஏற்பட்டதா என்று நீங்கள் வியக்கலாம். ஐயர் தீயவர் அல்லர். பெரிய அறிஞர், தியாகி. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க எண்ணினார். ஆயினும் ஒரே பாடத்தைக் கற்கலாம், ஒரே சோற்றை ஒரே இடத்தில் உண்ணக் கூடாது என்றால், கற்ற பாடம் என்ன என்று எதிர்த்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. என் தீர்ப்பு அவர்கள் பக்கமே. 1925 ஜூன் மாதம் பாபநாசத்து அருவியில் ஐயர் உயிர் நீத்தபோதும் அந்தக் கசப்பு ஆறியிருக்கவில்லை.

விடுதலைக்கு முன் ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளிலே கூடப் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். டிக்கெட் ஒன்று, வண்டி ஒன்று; இட்டலிக்கு மட்டும் இரண்டு அறை. நகர ஹோட்டல்கள் பலவற்றின் பெயர்ப்பலகையில் சாதிப் பெயர் இருந்தது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அத்தகைய பலகை ஒன்றை எதிர்த்துப் பெரியார் இயக்கத்தார் பல மாதம் மறியல் செய்து சிறை சென்றார்கள். அதற்கு முன்பே, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பொது உணவு விடுதிகளுக்குள் செல்வதற்குச் சாதியோ சமயமோ தடையாக இருத்தல் ஆகாது என்று எழுதிவிட்டது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், விடுதிக்குள் நுழைய விடாதவரையும், அங்குள்ள பாத்திரத்தைத் தொட விடாதவரையும் தண்டிக்க வழி செய்தது. பாத்திரத்தைப் பற்றிச் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நாட்டின் நிலையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைக்கும் வழக்கம் அதற்குப் பின்னும் பல ஊர்களில் நீடித்தது.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நம் மெஸ்ஸைப் போன்ற உணவிடங்கள் உண்டு. ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் 1943 முதல் பெயர் பெற்ற ஒரு வீட்டுச் சாப்பாட்டு விடுதி இருக்கிறது. பத்துப் பேர் அமரும் மேசை. அறிமுகமில்லாதவர்களைச் சேர்த்தே அமர்த்துகிறார்கள். பொரித்த கோழியும் பீன்ஸும் சோளரொட்டியும் கிண்ணங்களில் நடுவே வைக்கப்படுகின்றன. ஒருவர் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கைமாற்றுகிறார். அந்தத் தென் மாநிலங்களிலேதான் கறுப்பின மக்கள் வெள்ளையர் அமரும் உணவு மேசையில் அமரக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. சமைத்த கை பெரும்பாலும் கறுப்புக் கையாகவே இருந்தாலும்! 1960 பிப்ரவரி 1-ஆம் நாள் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கல்லூரி மாணவர்கள் உல்வர்த் கடையின் உணவு மேசை முன் சென்று அமர்ந்தார்கள். உங்கள் வயதுதான். காபி கேட்டார்கள்; மறுக்கப்பட்டது. கடை மூடும் வரை அமைதியாக அமர்ந்திருந்தார்கள். மறுநாள் வேறு மாணவர்களும் வந்தார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். ஜூலை மாதத்தில் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது. 1964-இல் சட்டமே வந்தது. ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு செயல் என்பதை அம்மாணவர்கள் உலகுக்குக் காட்டினார்கள்.

நம் பள்ளிகளில் அந்தப் பெஞ்சு தரையில் விரித்த பாயாக வந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவிற்று; 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கிற்று. பணியாற்றிய நாட்களில் நான் மதியத்தில் பிள்ளைகள் வரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதுண்டு. தட்டின் ஓசை அடங்கிச் சோறு பிசையும் ஓசை மட்டும் கேட்கும் இரண்டு நிமிடங்கள் பள்ளியில் கிடைக்கும் மிகச் சிறந்த அமைதி என்பேன். ஆனாலும் 2018-இல் திருப்பூர் மாவட்டத்து அவிநாசி வட்டாரப் பள்ளி ஒன்றில், சமைப்பவர் ஒடுக்கப்பட்ட குலத்தவர் என்பதற்காகப் பெற்றோர் சிலர் எதிர்த்து, அவரை இடமாற்றம் செய்ய வைத்த செய்தியை நாளிதழ்களில் படித்தோம். கண்டனம் எழுந்த பின்னரே அவர் தம் இடத்துக்குத் திரும்ப முடிந்தது. ஆகவே சமையற்கட்டின் வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை.

இப்போது மெஸ்ஸுக்குத் திரும்புவோம். அதை நடத்துவோரின் கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா? நான் அண்மையில் ஒரு சாப்பாட்டுக்குக் கொடுத்தது 90 ரூபாய். எவ்வளவு வேண்டுமாயினும் உண்ணலாம். 'அளவுச் சாப்பாடு' என்று வைத்தால் நட்டம் வராதே என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்டேன். "அளந்து போட்டால் அது கடை, சார்" என்றார். எனக்குப் புரியும்படி மேலும் விளக்கினார். ஒரு கிலோ அரிசி, அலுவலகத்தில் பணிபுரிவோருக்கானால் ஆறு பேருக்குப் போதும். உலையில் நிற்பவர்களுக்கானால் மூன்று பேருக்கு. இருவரும் கலந்து வந்தால்தான் கணக்கு நேராகும். குறைவாக உண்பவன் கொடுக்கும் காசில் மிகுதியாக உண்பவனுடைய சோறும் அடங்கியிருக்கிறது. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஏதேனும் பெரிய பெயர் இருக்கலாம். அவருக்கு அது தெரியாது. இருபது ஆண்டுகளாக அதை நடத்தி வருகிறார்.

மாதக் கணக்கு வைப்பவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. சம்பளம் தாமதமானால் அந்நோட்டில் கோடுகள் நீளும். வராமல் போனவர்களும் உண்டு. ஊரிலிருந்து ஓராண்டு கழித்துப் பணம் அனுப்பியவர்களும் உண்டு. எரிவாயு உருளையின் விலை ஏறும்போதெல்லாம் சாப்பாட்டின் விலையை 10 ரூபாய் ஏற்றலாமா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடக்குமாம். ஏற்றினால் உலைக்காரப் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய கவலை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் பலர் அப்போது சிறு பிள்ளைகள். ஆலைகள் நின்றன, மெஸ்கள் மூடின. அறையில் ஆறு பேராகத் தங்கி, அடுப்பே இல்லாமல், மூன்று வேளையும் மெஸ்ஸை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அன்று மாலையே சோறு இல்லாமற் போயிற்று. கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி மூட்டைகளோடு நடந்தவர்களைக் கண்டேன். வேலை போனதால் நடந்தார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள், அது மெய். உண்ண இடம் போனதாலும் நடந்தார்கள். அயலூரில் ஒருவனைத் தாங்கி நிற்பது சம்பளம் மட்டும் என்று அதுவரை நானும் எண்ணியிருந்தேன்.

இப்போது வேறொரு மாற்றம் வந்திருக்கிறது. கைப்பேசியில் பொத்தானை அழுத்தினால் சோறு பொட்டலமாக அறைக்கே வந்துவிடுகிறது. மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் அது பெரும் உதவி. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறைக்குள் ஒருவன் மட்டும் அமர்ந்து, ஒரு கையில் திரையைப் பிடித்துக்கொண்டு, பொட்டலம் அவிழ்த்து உண்ணும்போது அவன் இலையை யாரும் பார்ப்பதில்லை. பாதி உண்டு எறிந்தாலும் ஏன் என்று கேட்பார் இல்லை. விடுதியில் தங்கிப் படித்த என் பழைய மாணவி ஒருத்தி, மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததை அவளுடைய தோழியரோ ஆசிரியரோ அறியவில்லை, மெஸ் அம்மாள்தான் கண்டு, "இரண்டு நாளாக மோர் வரைக்கும் வரவே இல்லையே, என்ன விஷயம்?" என்று கேட்டாளாம். அன்றுதான் அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

புதிதாக மெஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு, ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் இரண்டொரு குறிப்புக்கள் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவர் உண்டு முடிக்குமுன் எழ வேண்டியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுங்கள். வேண்டாததை இலையில் விழுமுன் வேண்டாம் என்று சொல்லுங்கள். விழுந்த பின் ஒதுக்காதீர்கள். பரிமாறுபவரை விரலால் சொடுக்கி அழைக்காதீர்கள், அவரே வருவார். உண்டபின் இலையை உங்களை நோக்கி மடியுங்கள். இதெல்லாம் வீட்டில் கற்றதுதானே என்பீர்கள். வீட்டில் கற்றதை அயலார் பக்கத்தில் அமர்ந்து செய்து பார்ப்பதற்கு மெஸ் ஒன்றே இடம்.

பகல் மூன்று மணிக்குக் கூட்டம் குறைகிறது. மூன்றரைக்குப் பலகையைத் திருப்பி வைக்கிறார்கள். அதன் பிறகு சமையற்கட்டிலிருந்து சமைத்தவர், காய் நறுக்கியவர், பாத்திரம் தேய்த்தவர், பரிமாறிய அம்மாள், கணக்கு எழுதிய பிள்ளை எல்லோரும் வந்து, நாமெல்லாம் அமர்ந்திருந்த அதே பெஞ்சில் அமர்கிறார்கள். சாம்பார் அடிச்சட்டிக்கு வந்திருக்கும், பொரியல் தீர்ந்திருக்கும், சில நாள் அப்பளத் தூளும் ஊறுகாயும்தான். அன்று யார் பரிமாறுவது என்பதில் அவர்களுக்குள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நான் ஒருநாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பிச் சென்றபோது, வீட்டுக்காரர் கரண்டியோடு நின்று, பாத்திரம் தேய்க்கும் அம்மையாரின் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே விட்டார்.